பிரகாசி சொல்வதாக நான் எழுதிய கதை

குற்றமில்லாத ஒரு மனிதரைக் கொலைகாரர் என்று ஊர் சந்தேகப்படும்படி நான் ஒரு சிறுகதை எழுதினேன். அவர் குற்றமில்லாதவர் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

இந்தத் தொடரில் இதுவரை கல்லூரி விடுதியையும் சாப்பாட்டையும் நண்பர்களையும் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதி வந்தேன். சென்ற வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இளம் வயதில் சிறுகதைகள் எழுதியதாகச் சொல்கிறீர்களே, ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" வேலைப்பளு என்று இத்தனை வருடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்.

இதில் வரும் பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை. அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தியிடம் போனில் அனுமதி கேட்டேன். "எழுதுங்க சார். ஆனா அம்மா மனசுல என்ன நெனச்சான்னு மட்டும் எழுதாதிய" என்றாள். அந்த நிபந்தனையோடு எழுதுகிறேன்.

சலூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய ஒரு தெருவில் மாடி அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சொந்த ஊர் ஏரல். எம்.ஏ. முடித்துக் கல்லூரியில் டியூட்டராகச் சேர்ந்திருந்தேன். என் அறைக்கு எதிரில் பரமசிவம் அண்ணாச்சியின் சலூன்.

அந்த ஞாயிறு காலை நான் நாற்காலியில் சாய்ந்திருக்கிறேன். முகம் முழுக்கச் சோப்பு நுரை. பெஞ்சில், புதுத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் செல்லத்துரை உட்கார்ந்து வாரப் பத்திரிகையில் ஒரு கதையை உரக்க வாசித்துக்கொண்டிருக்கிறான். மாதா கோயில் பூசையில் நிருபம் வாசிக்கிற குரல் அவனுக்கு. சுற்றி நாலைந்து பேர் வாயைத் திறந்து கேட்கிறார்கள். அது என் கதை.

எனக்கு மனம் குளிர்ந்துபோயிருந்தது. என் வாக்கியங்களை இன்னொருவர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை. சோப்பு நுரையின் வாசனையும் ரேடியோவின் கரகரப்பும்கூட அப்போது இனிமையாகத்தான் இருந்தன.

கதையின் முடிவை அவன் நெருங்கும்போது எனக்குப் பழக்கமான, கடலுக்குப் போகிற லாசர் உள்ளே வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். வழக்கம்போலத் தோளில் துண்டு. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் கேட்பதைப் பார்த்து அவரும் கேட்க ஆரம்பித்தார்.

செல்லத்துரை வாசித்தான்: "சவப்பெட்டியை மூடும்போது அண்ணனின் உள்ளங்கையைப் பார்த்தேன். கயிறு இழுபட்ட தடம் அதில் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. அழுவதை நிறுத்தினேன்."

பத்திரிகையை அவன் மடித்தான். பிறகு ஒருவர் திரும்பி லாசரின் கைகளைப் பார்த்தார். அப்புறம் இன்னொருவர். கடைசியில் எல்லோரும் பார்த்தார்கள். லாசர் மடியில் விரித்திருந்த கைகளை மெல்ல மூடிக்கொண்டார்.

பரமசிவம் அண்ணாச்சிக்கு எதுவும் புரியவில்லை. கத்தியை என் தொண்டைக்கு நேரே பிடித்தபடி பெருமையாகச் சொன்னார்: "இத எழுதுனது யாருன்னு தெரியுமாலே? புனைபேர்ல போட்டிருக்கு. இந்தா, என் கத்திக்குக் கீழ கெடக்காருல்லா, நம்ம சாருதான்!"

என்னால் பேச முடியாது. கத்தி தொண்டையில் இருந்தது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

லாசர் எழுந்தார். "அண்ணாச்சி, பொறவு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் மழிக்காமலே வெளியே போனார்.

கயிறு பிடிக்கிறவர்

லாசரைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவர் தொழிலைச் சொல்ல வேண்டும்.

முத்துக் குளிப்பு அதற்குள் நின்றுபோயிருந்தது. சங்கு குளிப்பு நடந்துகொண்டிருந்தது. விடியலில் வள்ளங்கள் சங்கு விளையும் கடலடித் திட்டான பாருக்குப் போகும். குளியாளி ஒருவன் இறங்கினால், அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் ஒருவர் பிடித்திருப்பார். கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும்.

அந்தக் கயிற்றைக் குளியாளியின் மனைவியுடைய உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கச்சி தாலியறுக்கக் கூடாது என்று நினைக்கிறவன் கை அசராது என்பது அவர்கள் கணக்கு. சொந்த அண்ணன் தம்பியிடம் கொடுப்பதில்லை. "பங்காளிட்ட எவனாவது உசுரக் குடுப்பானா சார்?" என்று லாசர் ஒருமுறை சிரித்தார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும்போது குளியாளி தானாகக் கயிற்றை அவிழ்த்துவிட்டால், அது பெண் கொடுத்த வீட்டின் முகத்தில் காறி உமிழ்வதற்குச் சமம். உன் வீட்டுக் கையை நான் நம்பவில்லை என்று அர்த்தம். அப்படி அவிழ்த்தவனுடைய மனைவியைப் பிறந்த வீட்டார் கூட்டிக்கொண்டு போன கதைகளை அந்தத் தெருவில் கேட்டிருக்கிறேன்.

அந்த வருடங்களில் முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கயிறில்லாமல் இறங்கும் இளவட்டங்கள் வந்துவிட்டார்கள். கயிறு கட்டி இறங்கியவர்களை அவர்கள் "தொட்டில் பிள்ளைய" என்று கேலி செய்வார்கள்.

லாசரின் தங்கை பிரகாசி. அவள் கணவன் கஸ்பார் குளியாளி. கஸ்பாருக்குக் கயிறு பிடித்தவர் லாசர். இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள் அவர்களுக்கு. ஒரு கிறிஸ்துமஸுக்கு லாசர் என்னை அங்கே சாப்பிடக் கூட்டிப்போனார். குசினியிலிருந்து எட்டிப் பார்த்துப் பிரகாசி சொன்னாள்: "ஏரல்காரவுகளுக்குக் காரம் ஆகாதோ? கண்ணுல தண்ணி வருது." கஸ்பார், "அது காரமில்ல, நீ வச்ச கொழம்ப நெனச்சு அழுதாவ" என்றான். அகப்பை அவனை நோக்கிப் பறந்தது.

அடுத்த பருவத்தில் ஒருநாள் கஸ்பார் இறங்கினான், மேலே வரவில்லை. மறுநாள் மற்றக் குளியாளிகள் உடலை எடுத்து வந்தார்கள்.

லாசர் ஊரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "அல அடிச்சதுல சுண்டுனது கைக்குத் தெரியல." ஊர் வருத்தப்பட்டது, கோபப்பட்டது, கொஞ்சம் கொஞ்சமாக மன்னித்தது. கடல் அப்படித்தான் என்றார்கள். பிரகாசி அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தினமும் மீனோடு அந்த வீட்டுக்குப் போவார், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார்.

அவர் என்னிடம் சொன்னது

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு மாலை, கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் நானும் லாசரும் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டிருப்பதை ஊரே பார்த்திருக்கிறது. கருவாட்டு நெடியோடு காற்று வந்துகொண்டிருந்தது. அவர் பேச்சுவாக்கில் தொடங்கினார்.

"வெறுங்கயிறாத்தான் வந்துது சார்."

எனக்குப் புரியவில்லை.

"அத்துப் போயி வரல. அவுத்து வந்துது. முடிச்ச அவந்தான் அவுத்திருக்கான். நான் இழுக்கேன், பாரமே இல்ல. கைல ஒரு கீறல் இல்ல பாத்துக்கிடுங்க. பாரமில்லாத கயிறு எங்க அறுக்கும்?"

"ஏன் அவுத்தாரு?"

"யாரு கண்டா? மத்தவன் பாக்குறதுக்கு முந்திச் சுருட்டிப் போட்டுட்டேன். பாறையில உரசி அத்துட்டுன்னு நெனச்சுக்கிட்டானுவ."

"ஊருல சொல்லியிருக்கலாம்லா அண்ணே. பழி ஒங்க மேல விழுந்துட்டே."

"நல்லாருக்கே! ஊருக்குத் தெரிஞ்சா பிரகாசிக்குத் தெரியாதா? புருசன் நம்ம கயித்த அவுத்துப் போட்டுட்டுப் போனாம்னு அவ காதுல விழலாமா?" பிறகு சொன்னார்: "நீங்க எங்க சாதியுமில்ல, கோயிலுமில்ல. ஒங்ககிட்ட சொன்னா கடல்ல போட்ட மாதிரி. அதான் சொல்லுதேன்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். அதைச் சொன்னபோது உண்மையாகவே சொன்னேன்.

மூன்று முறை எழுதியது

ஆனால் அது கதை. கேட்ட அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தைந்து வயதில் ஒரு நல்ல கதை கையில் கிடைத்தவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

முதலில் லாசர் சொல்வதாக எழுதினேன். அவர் சொன்னால் அவிழ்ந்த முடிச்சைச் சொல்லியாக வேண்டும், வாக்கு போய்விடும். சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். கிழித்தேன். அடுத்து கஸ்பாரே சொல்வதாக, நீருக்கடியில் மூச்சடக்கி யோசிப்பதுபோல எழுதினேன். இரண்டு பக்கத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூச்சுமுட்டும் நேரத்தில் அவன் என்னைப்போலவே கல்லூரித் தமிழில் யோசித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவதாகப் பிரகாசி. உட்கார்ந்த இடத்தில் கதை ஓடியது. கணவனைப் பறிகொடுத்தவளும் அவளே, கயிறு பிடித்தவனின் தங்கையும் அவளே. அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் வலித்தது. இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்று: அவளுக்கு உண்மை தெரியாது. கதையை அவள் சொன்னால் முடிச்சைப் பற்றி நான் எழுதவே வேண்டியதில்லை. வாக்கும் தப்பியது, கதையும் தப்பியது என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

உண்மை தெரியாத ஒருத்தி கதை சொன்னால் அந்த இடத்தில் ஏதாவது ஒன்றை நிரப்ப வேண்டுமே. சாவுக்கு முதல் நாள் கோயில் திருவிழாவில் மச்சினனும் மாப்பிள்ளையும் சண்டை போட்டதாக ஒரு காட்சியைக் கற்பனை செய்தேன். கீறலில்லாத உள்ளங்கையை லாசரின் வாயிலிருந்து எடுத்தேன். அவர் தன் குற்றமின்மைக்குச் சொன்ன சாட்சி அது. அதையே தங்கையின் பார்வையில் வைத்ததும் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. ஒரு சொல்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பெயர்களை மாற்றினேன். வேறு எதையும் மாற்றவில்லை. அதுதான் கலையின் நேர்மை என்று அப்போது நம்பினேன்.

யார் சொன்னது?

சலூனிலிருந்து லாசர் போன அன்றே சாயங்காலம் அவரைத் தேடிப் போனேன். வாசலிலேயே நிறுத்தினார்.

"அவ என் கையப் பாத்தாளா?" என்று கேட்டார். "பெட்டி மூடும்போது?"

"இல்லண்ணே. அது நீங்க சொன்னத வச்சு நான் எழுதுனது."

"அவன் செத்ததுக்குத் துட்டி கேக்க அவ வீட்டுக்குத் தனியாப் போனியள்லா? அங்கன அவ சொல்லியிருக்கா. என்ட்ட கேக்க வாய் வரல, ஒங்ககிட்ட சொல்லியிருக்கா."

"அவங்க ஒண்ணும் சொல்லல. சத்தியமா கற்பனை."

"கற்பன." அந்தச் சொல்லை அவர் வாயில் போட்டுப் பார்த்தார். "சண்ட கற்பன, சரி. கை எப்படி சார் கற்பனையாகும்? கை நெசமுல்லா?"

கதவை மூடிக்கொண்டார்.

பிரகாசி வீட்டில் நடந்தது நேர் எதிர். கதையைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். லாசரும் நானும் கரையில் உட்கார்ந்து பேசியதை ஊரே பார்த்திருக்கிறதே. அண்ணன் வாத்தியாரிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டிருக்கிறார், இல்லாவிட்டால் இவருக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். அடுத்த நாள் லாசர் மீனோடு போனபோது அந்தக் கதவு திறக்கவில்லை.

அண்ணன், தங்கச்சி சொன்னாள் என்று நினைத்தார். தங்கை, அண்ணன் சொன்னார் என்று நினைத்தாள். இருவருக்கும் நடுவில் நான் நல்ல இலக்கியம் படைத்திருந்தேன்.

லாசர் கையில் யாரும் கயிறு கொடுக்கவில்லை. வேறு தங்கை முறைக்காரிகள் இருந்தார்கள், அவர்கள் வீட்டுக்காரர்களும் கடலுக்குப் போனவர்கள்தான். பெண்கள் விடவில்லை. ஊரைக் கூட்டியோ பஞ்சாயத்து வைத்தோ யாரும் எதுவும் பேசவில்லை. வள்ளத்தில் இடமில்லை என்றார்கள், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளத்துக்குக் கூலிக்குப் போனார். கடலுக்குப் போனவன் உப்புச் சுமப்பது எவ்வளவு பெரிய இறக்கம் என்று அந்தத் தெருக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மூத்த பிள்ளை முதல் முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை வந்தது. தாய்மாமன்தான் வெள்ளைக் கவுனும் முக்காடும் எடுக்க வேண்டும். லாசர் எடுத்து அனுப்பினார். பிரித்துப் பார்க்காமலே திரும்பி வந்தது. கோயிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்று பிள்ளை போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்ததை நான் என் மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போகவில்லை.

சரிசெய்யப் போனது

முதலில் எழுத்தாலேயே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். லாசர் சொல்வதாக இன்னொரு கதை எழுதி அதே பத்திரிகைக்கு அனுப்பினேன். சம்பவம் ஏற்கெனவே வாசகர்கள் அறிந்தது என்று திருப்பிவிட்டார்கள். இன்று யோசித்தால், வெளிவராததே நல்லது. அதிலும் நான் நன்றாக எழுதத்தான் முயன்றிருந்தேன்.

பிறகு உப்பளத்துக்குப் போனேன். வெயிலில் பாத்தி வரப்பின் மேல் லாசர் நின்றிருந்தார். உப்புத் தண்ணீர் பட்டுக் கால் விரல் இடுக்குகளெல்லாம் வெந்திருந்தன. பிரகாசியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அனுமதி கொடுங்கள் என்றேன்.

"வேண்டாம்."

"அண்ணே, இப்படியே எத்தன நாளு?"

"நான் கெட்டவனா இருந்தா அவளுக்கு அண்ணன் மட்டுந்தான் போவான். நெசம் தெரிஞ்சா புருசனும் போயிருவான். செத்தவன் ஒருக்காப் போனாப் போதும் சார்." கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "ஒங்களுக்குத் தூக்கம் வரணும்னு அவகிட்டப் போயிச் சொல்லாதிய."

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் பாதி உண்மையையாவது சொல்லலாமே என்று தோன்றியது. சண்டை நான் கட்டியது, அண்ணன் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு மட்டும். ஒரு காலை பிரகாசி வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொல்லவில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

சொல்லி முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சண்ட நீங்களாச் சேத்தது. சரி. அப்பம் கை?"

நான் கீழே கிடந்த முறத்தைப் பார்த்தேன்.

"கரையில இருந்து அம்புட்டு நேரம் பேசுனியளே. எங்க அண்ணன் ஒங்ககிட்ட என்னதான் சொன்னான்?"

பொய் சொல்லியிருக்கலாம். கதை கட்டத் தெரிந்தவன் நான், ஒரு பொய் வராதா? அந்த நேரத்தில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெறுங்கயிறு, அவிழ்ந்த முடிச்சு, யாரும் பார்க்கும் முன் சுருட்டிப் போட்டது, எனக்கும் லாசருக்கும் இருந்த வாக்கு.

அவள் அழவில்லை. சிந்திக் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டாள். பிறகு, "நீங்க போங்க" என்றாள்.

அதன் பிறகு

அன்றே உப்பளத்துக்கு நடந்துபோய் அண்ணனைக் கையோடு கூட்டி வந்தாள். தெருவில் எல்லோரும் பார்க்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இளைய பிள்ளையின் புதுநன்மைக்கு லாசர்தான் கவுன் எடுத்தார். ஊரிடம் அவள் என்ன சொன்னாளோ, சில மாதங்களில் ஒரு வள்ளத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

ஆனால் லாசர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. எதிரில் கண்டால் தெருவைக் கடந்து மறுபக்கம் போவார். தன் நல்ல பெயரைக் கொடுத்து அவர் காப்பாற்றி வைத்திருந்ததை நான் இரண்டாம் முறையாக எடுத்துக் கொடுத்துவிட்டேன். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை, அவர் சொன்னதுபோல, என் தூக்கத்துக்காக.

பிரகாசி வீட்டில் கஸ்பாரின் படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தி நின்றுவிட்டது என்று பரமசிவம் அண்ணாச்சி சொன்னார். அவர் அதைச் சாதாரணச் செய்தியாகத்தான் சொன்னார்.

ஒரு வருடம் போயிருக்கும். எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. அறையைக் காலி செய்து புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் காலடி கேட்டது. பிரகாசி வந்து கதவருகில் நின்றாள். தலையில் முக்காடு. கோயிலிலிருந்து வந்திருக்கிறாள்.

"போறியளாமே?"

"ஆமாக்கா."

"ஒரு காரியம் செஞ்சு தரணும்."

என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்றேன். அப்படித்தான் இருந்தது மனம்.

"நான் சொல்லுத மாதிரி எழுதுனிய. அண்ணன் சொல்லுத மாதிரியும் எழுதுனியன்னு சலூன் அண்ணாச்சி சொன்னாரு. அவரு சொல்லுத மாதிரி எழுதித் தாங்க."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. கீழ என்ன நடந்துதுன்னு அவரு சொல்லணும். கண்ணாடி போட்ட பயலுவ சிரிச்சானுவன்னு அவுத்தாரா? பாறையில சிக்கி, வேற வழியில்லாம அவுத்தாரா? இல்ல, எங்க வீட்டுக் கை வேண்டாம்னே அவுத்தாரா?" மூச்சு வாங்கினாள். "ஏதாவது ஒண்ணு. பத்திரிகையில எல்லாம் போட வேண்டாம். எனக்கு மட்டும்."

எனக்கு அவள் கேட்டது எதுவென்று தெரியும். பாறையில் சிக்கியது என்று எழுதியிருக்கலாம். அரைமணி நேர வேலை. என்னால் அதை நம்பும்படி எழுதியிருக்கவும் முடியும். பேனா மேசையில்தான் இருந்தது.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். "தெரியாதத எப்படி எழுத?"



"தெரியாதத எழுதித்தான ஊரே படிச்சுது" என்றாள். "எனக்குன்னு கேக்கும்போது மட்டும் தெரியலயாக்கும்?"

படியிறங்கிப் போனாள். பேனாவை எடுத்தேன், வைத்தேன். சாக்கைக் கட்டி முடிக்க அன்று சாயங்காலமாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் கதை எழுதவில்லை.